நின்று நின்று சுழன்ற மீட்டர்

அத்தியாயம் ஏழு

"இன்னொரு தடவை போடு, சாயோ" என்றார் குரோய்வா.

நான் டேப்பைச் சுற்றி மறுபடி ஓடவிட்டேன். எங்கள் துப்பறியும் நிலையத்தில் ஆட்கள் இரண்டே பேர். அவர் மூளை, நான் வாய். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் என் நக்கலில் பாதி அவருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. அது என் வேலைக்கு நல்லது.

டேப்பில் கொமோரியின் குரல் வந்தது. "சுமி, நான்தான். நாகோயாவுல ஒரு பெரிய வீட்டுல வேலை வந்திருக்கு. முடிய நாளாகும். தேடாத. போலீசுக்கெல்லாம் போகாத. நல்லாத்தான் இருக்கேன்." பின்னால் ஒரு இசைத்தட்டு பாடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. இந்த ஊரில் அதைப் பாடாத மதுக்கடை இல்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நானே வாரக்கடைசியில் பாடுகிறேன்.

எதிரே சுமி உட்கார்ந்திருந்தாள். நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சு அவள் கையிலேயே வாடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் கொமோரி மின்வேலைக்காரர். சாதாரண மின்வேலை அல்ல. பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பணத்தைக் கொட்டும் ஆசாமிகளுக்குக் கரண்ட் அமைத்துக் கொடுப்பவர். தெருக் கம்பத்திலிருந்து தனி லைன், தனி மீட்டர், சுவரில் தனி பாயின்ட், தோட்டத்து மண்ணில் எர்த். எந்தப் பிளக்கை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினால் பாட்டு சுத்தமாக வரும் என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம். வேலைக்குப் போன மனிதர் வீடு திரும்பவில்லை. போன் மட்டும்தான் வந்தது. வாடிக்கையாளர்கள் சொல்வதை மறந்துவிடக்கூடாதென்று அவரே போனில் மாட்டிவைத்திருந்த ரெக்கார்டரில் அது பதிவாகியிருந்தது.

"போலீஸ்ல என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரே நல்லா இருக்கேன்னு சொல்றாரு, நாங்க என்னம்மா பண்ணன்னு கேட்டாங்க. ஒருத்தர் சிரிச்சாரு. நாகோயாவுல வேற யாராவது இருப்பாங்கன்னு..." அவள் மறுத்துத் தலையாட்டினாள். "அவர் அப்படி இல்ல சார். நான் போன்ல 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். நான் பேசினதே காதுல விழாத மாதிரி அவர் பாட்டுக்குப் பேசி முடிச்சுட்டாரு. என்னைக்கும் அப்படிப் பேசினதே இல்ல."

குரோய்வா நிமிர்ந்தார். "அப்போ பேசினது அவர் இல்ல. அவர் குரலைப் பிடிச்ச டேப். யாரோ அதைப் போன்கிட்ட வெச்சு ஓட்டியிருக்காங்க."

"அந்தப் பாட்டும் சரியில்ல" என்றாள் சுமி. "எங்க வீட்டுலயும் அதே தட்டு இருக்கு. ஆனா அன்னைக்கு அந்தப் பாடகி அழுது அழுது தொண்டை கட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. மனசு கெட்டுப்போயிருக்கு, அதான் எனக்கு அப்படிக் கேக்குதோ என்னமோ."

பாடித் தின்கிறவள் நான். எனக்கல்லவா அது முதலில் உறைத்திருக்க வேண்டும்! பாட்டைக் கூடவே முனகிப் பார்த்தேன்.

"சார், ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கு. மெதுவாவும் போகுது."

"டேப் மெதுவா ஓடியிருக்கும்."

"அப்படின்னா கொமோரி குரலும் கூடவே இறங்கியிருக்கணுமே. அக்கா, குரல் அவர் குரல் மாதிரிதானே இருக்கு?"

"அச்சு அசல் அவர் குரல்."

"அப்போ டேப் சரி. தட்டுதான் சோம்பேறியாச் சுத்துது."

குரோய்வா எழுந்து ஜன்னலோரம் போனார். வெளியே காகித ஆலைப் புகைக்கு அப்பால் ஃபுஜி ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே எங்கள் கரையில் கரண்ட் நொடிக்கு ஐம்பது துடிப்பு. மேற்கே அறுபது. மேற்கிலிருந்து குடிவருகிறவர்கள் கடிகாரம் பின்தங்குகிறது, துணி துவைக்கும் இயந்திரம் முனகுகிறது என்று கடைக்கு ஓடுவதை இந்த ஊர்க் குழந்தைகூடப் பார்த்திருக்கும். ரெக்கார்டு பிளேயருக்கும் அதே கதைதான். மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்ன உருளையை மாற்றாவிட்டால் தட்டு தளர்நடை போடும்.

"நாகோயா மேற்கே இருக்கு. அறுபது" என்றார் மெதுவாக. "அங்க எந்தப் பிளேயரும் இப்படி இழுத்துக்கிட்டுப் பாடாது. அந்த ஊர்ப் பிளேயர்னா சரியாப் பாடும். நம்ம ஊர்ப் பிளேயரைத் தூக்கிட்டுப் போனா வேகமாப் பாடும். இழுக்குதுன்னா ஒண்ணுதான். மேற்கேருந்து வந்த பிளேயர் நம்ம கரையில இருக்கு. உங்க வீட்டுக்காரர் நாகோயாவுல இல்லம்மா. இங்கதான் எங்கயோ இருக்கார்."

சுமியின் கையிலிருந்த ஆரஞ்சு உருண்டு ஓடியது.

"கடைசியா யார் வீட்டுல வேலை?"

"மலையடிவாரத்துல ததோகோரோ ஐயா வீடு. மர வியாபாரி. போன வருஷம்தான் ஒசாகாவுலேருந்து வந்தாரு."

"ஒசாகா" என்றேன். "அதுவும் அறுபது."

*

என் காரில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவதாக மூச்சு உட்கார முடியாது. போகும் வழியில் சுமி சொன்னாள்: ததோகோரோவோடு ஒரு கூட்டாளியும் ஒசாகாவிலிருந்து வந்தானாம். கோடையில் பிரேசிலுக்குப் போய்விட்டதாக ஊரில் பேச்சு. வழியனுப்பப் போனவர் யாரும் இல்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி காரை நிறுத்தி, சுமியை உள்ளேயே இருக்கச் சொன்னோம். ததோகோரோ வீட்டு வாசலில் அவருக்கென்றே ஒரு மின்கம்பம், புத்தம் புதிதாக நின்றது. தோட்டத்தில் ஒரு குழி. பக்கத்தில் மண் குவியல், அதில் குத்தி வைத்த மண்வெட்டி. கேட்டருகில் கான்கிரீட் லாரி ஒன்று வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் தர்மோஸிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

குழியின் விளிம்பில் சுவரிலிருந்து இறங்கிய ஒரு பச்சை ஒயர் தொங்கியது. அதன் செப்பு நுனி காற்றில் ஆடியது.

"எர்த் ஒயர்" என்றேன். "மண்ணுக்குப் போகவே இல்ல."

"எர்த் கட்டாமலேயே வேலையை முடிச்சிட்டுப் போற ஆளா கொமோரி?" என்றார் குரோய்வா. அந்தக் கேள்விக்கு நான் நக்கலடிக்கவில்லை.

ததோகோரோ தானே கதவைத் திறந்தார். பட்டு மேலங்கி, பளபளக்கும் வழுக்கை, வேலைக்காரிக்கு லீவு விட்ட வீட்டின் அமைதி.

"கொமோரியா? வேலையை முடிச்சுட்டு அன்னைக்கே கிளம்பிட்டாரே! நாகோயா போறதா சொன்னாரு. தங்கமான மனுஷன். வாங்க, அவர் கைவண்ணத்தைக் காது குளிரக் கேட்டுட்டுப் போங்க."

"அந்தக் குழி?" என்றார் குரோய்வா.

"கல் விளக்கு வைக்கப் போறேன். அதுக்கு அஸ்திவாரம். லாரிக்காரன் டீ குடிச்சதும் ஊத்திடுவான்."

டீ குடித்ததும். அந்தக் குழிக்குள் என்ன போகப் போகிறது, யார் போகப் போகிறார்கள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

பாட்டு அறை கோயில் கருவறை மாதிரி இருந்தது. ஆளுயர ஸ்பீக்கர்கள், சிவப்பாகக் கண் சிமிட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயர். ததோகோரோ பிளேயரில் தட்டை வைத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

சுருதி சுத்தம். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

குரோய்வா என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். நாங்கள் நம்பி வந்த ஒரே நூல் அறுந்தது. வெளியே லாரியின் வயிறு கடகடவென்று சுழன்றது.

"இது இந்த ஊர்ல வாங்கினதா?" என்று கேட்டார் குரோய்வா.

"ஆமா. பழசையெல்லாம் ஒசாகாவுலேயே தலை முழுகிட்டேன்." ததோகோரோ பச்சை டீ எடுத்துவர உள்ளே போனார்.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. சும்மா இருக்கத் தெரிந்தால் நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். இடது ஸ்பீக்கரின் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். இடது பக்கம் செத்துப்போனது.

ததோகோரோ டீத் தட்டோடு வந்தார். கண்களை மூடித் தலையாட்டினார். "கேளுங்க, கேளுங்க! இடது பக்கம் வயலின் எப்படிக் குழையுது பாருங்க!"

"எனக்கு இடது பக்கம் கேக்காது" என்றார் குரோய்வா.

"ஐயோ பாவம். எவ்வளவு பெரிய நஷ்டம்!"

"உங்களுக்கும் அதே நஷ்டம்தான் போலிருக்கு சார்" என்று வாய்வரை வந்ததை நான் டீயோடு விழுங்கினேன். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்குக் காது தலைக்கு அழகாகத்தான் ஒட்டியிருக்கிறது. தட்டு ஒன்றரைக் கட்டை இறங்கிப் பாடினாலும் இவருக்குத் தெரியப்போவதில்லை. பழைய பிளேயரைத் தலை முழுகியதாகச் சொன்னது பொய்யாக இருந்தால், அது இந்த வளாகத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

"பின்னாடி இருக்கற மண்சுவர் கிடங்கு?" என்றார் குரோய்வா சாதாரணமாக.

"பழைய சாமான். பூட்டிக் கிடக்கு. சாவிகூட எங்கயோ தொலைஞ்சுபோச்சு. அங்க ஒரு பல்புகூட கிடையாது." ததோகோரோ புன்னகைத்தார். "இந்த லைன்ல வேற எதையும் சேர்க்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். கம்பம் தனி, மீட்டர் தனி. ஃப்ரிட்ஜோட அழுக்குக் கரண்ட் ஒரு சொட்டு இதுல கலக்காது. அந்த மீட்டர் சுத்துதுன்னா பாட்டுக்காக மட்டும்தான் சுத்தும்."

குரோய்வா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார். அவர் அப்படி வைத்தால் யாருக்கோ கெட்ட நேரம்.

"சாயோ, கொமோரி பிளக்கை எல்லாம் எந்தப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்காருன்னு பாக்கணும். எல்லாத்தையும் பிடுங்கு. ஒண்ணு விடாம. நான் மீட்டரைப் பாத்துட்டு வரேன்."

"எதுக்கு?" என்றார் ததோகோரோ.

"எனக்குக் காது சரியில்ல. கண்ணாலதான் பாட்டு கேக்கணும்."

அவர் வெளியே போக, ததோகோரோ அவர் பின்னாலேயே போனார். நான் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு இடது பக்கமாகவே இருந்தது. ஒழுங்கான மனிதர் கொமோரி. பாட்டு இழுபட்டு நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்புக் கண் அணைந்தது. இந்த அறையில் இப்போது கரண்ட் தின்னும் வாய் ஒன்றுகூட இல்லை.

தோட்டத்துக்கு ஓடினேன். பின்சுவரில், குழியை ஒட்டி, கிடங்குக்கு எதிரே, கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டர். உள்ளே அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாம் பிடுங்கியாச்சா?" என்றார் குரோய்வா, கண்ணை எடுக்காமல்.

"எல்லாம்."

தட்டு நின்றது. பிறகு சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. யாரோ ஒரு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள். எனக்குக் கதவு தட்டுகிற மாதிரியே இருந்தது.

"பாட்டுக்காக மட்டும் சுத்தற மீட்டர்" என்றார் குரோய்வா. "பாட்டு நின்னுடுச்சு. இப்போ யாருக்காகச் சுத்துது, ததோகோரோ சார்?"

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்த நேரம் பார்த்து, தட்டு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கறுப்புக் கோடு நகரவில்லை.

ததோகோரோவுக்கு மூச்சு வந்தது. "புது மீட்டர். ஏதோ கோளாறு. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன். நீங்க கிளம்பலாம்." லாரிப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். "என்னப்பா, ஊத்தலாமா?"

டிரைவர் தர்மோஸை மூடிவிட்டு வண்டியில் ஏறினான்.

கிடங்குக்குள் இருக்கும் கொமோரிக்கு என்ன ஆயிற்று? மயங்கிவிட்டாரா? அதற்கும் மேலா? அப்போதுதான் உறைத்தது. சுவர் வழியாகப் பாட்டு கேட்டிருக்கிறது. காதில்லாத ததோகோரோ விருந்தாளிகளுக்காகத்தான் பாட்டு போடுவார். அதனால் வீட்டில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கொமோரி சுவிட்சைத் தட்ட ஆரம்பித்திருக்கிறார். நான் பாட்டை நிறுத்தினேன். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று கையை விட்டுவிட்டார்.

பிளக்கையெல்லாம் திரும்பச் செருக நேரமில்லை. கிடங்கின் சுவரில் தலைக்கு மேலே கையகல ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கீழே போய் நின்று வாயைத் திறந்தேன்.

துறைமுகத்துப் பெண்ணின் பாட்டு. நான் வழக்கமாகப் பாடும் சுருதியில் இல்லை. ஒன்றரைக் கட்டை இறக்கி, தொண்டை கட்டின மாதிரி, இழுத்து இழுத்து, டேப்பில் கேட்டது எப்படியோ அப்படியே பாடினேன். உங்க சேதி வந்துடுச்சு என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இந்தப் பொண்ணுக்குப் பைத்தியமா?" என்று கத்தினார் ததோகோரோ.

நான் பாடிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். கறுப்புக் கோடு அசையவில்லை. முதல் அடி முடிந்தது. அசையவில்லை. இரண்டாவது அடியை எடுத்தேன்.

தட்டு சுற்றியது.

நின்றது. சுற்றியது. இந்த முறை தாறுமாறாக இல்லை. என் பாட்டின் தாளத்துக்கு, அடிக்கு ஒரு தட்டாக, சுற்றி நின்று சுற்றியது. பாட்டில் அவள் கப்பலைக் கூப்பிடும் இடத்தில் நான் நிறுத்தினேன், தட்டும் நின்றது. நான் மறுபடி எடுத்தேன், தட்டும் எடுத்தது. குரோய்வா கண்ணாடிக் கூண்டில் மூக்கு படும்படி குனிந்திருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் என் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ததோகோரோ நகர்ந்ததைப் பார்த்தேன். மண் குவியலில் இருந்த மண்வெட்டி அவர் கையில் இருந்தது. குரோய்வாவின் இடது பக்கம். செவிட்டுப் பக்கம்.

"சார்!" என்று அலறினேன். அவர் திரும்பவில்லை. லாரியின் கடகடப்பில் அவருடைய நல்ல காதுக்கும் எதுவும் எட்டவில்லை. மண்வெட்டி உயர்ந்தது.

குரோய்வா சட்டென்று உட்கார்ந்தார். மண்வெட்டி மீட்டரின் கண்ணாடியில் இறங்கித் தூள் தூளாக்கியது. வந்த வேகத்தில் ததோகோரோ அவர் மேலேயே தடுக்கி, தான் வெட்டிய குழிக்குள் தலைகுப்புற விழுந்தார்.

"கண்ணாடியில தெரிஞ்சுது" என்றார் குரோய்வா, தலையிலிருந்து சில்லுகளைத் தட்டியபடி. "கண்ணாலதான் பாட்டு கேப்பேன்னு முன்னாடியே சொன்னேனே. யாருமே நம்பறதில்ல."

டிரைவர் இறங்கி ஓடி வந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே பின்வாங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். விழுந்த வேகத்தில் மண் சரிந்து, ததோகோரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ தெரிந்தது. ஷூ காலியாக இல்லை. பிரேசிலுக்குப் போன கூட்டாளி துறைமுகம்வரைகூடப் போகவில்லை. எர்த்துக்காகத் தோண்டும்போது கொமோரி பார்க்கக் கூடாததைப் பார்த்த இடம் அதுதான். அதைத்தான் ததோகோரோ வெட்டி அகலமாக்கி, கான்கிரீட் ஊற்றி மூடப் பார்த்திருக்கிறார்.

கிடங்குச் சாவி தொலையவில்லை. ததோகோரோவின் மேலங்கிப் பைக்குள்தான் இருந்தது.

உள்ளே இசைத்தட்டுகள் ஈரமாகாமல் இருக்க, பாட்டு லைனிலிருந்தே ஒயர் இழுத்து வைத்திருந்த ஒரு மின்கணப்பு. பக்கத்தில் ஒசாகாவிலிருந்து வந்த பழைய பிளேயர். தரையில் கொமோரி. கை இரண்டும் தூணோடு கட்டியிருந்தது. வாயில் துணி. வெறுங்கால் கட்டைவிரல் மட்டும் கணப்பின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டே இருந்தது. என் பாட்டு நின்ற பிறகும் இந்த முறை அவர் நிறுத்தவில்லை.

துணியை எடுத்தேன். "போதும் அண்ணே. கேட்டுடுச்சு. போதும்."

"மீட்டரா?" அவர் குரல் கரகரத்தது.

"மீட்டர். அதுக்கு முன்னாடி பாட்டு."

"வேலை நடக்கற மாதிரி இருக்கணும்னு, டேப் பிடிக்கும்போது அந்தாளு பாட்டு போடச் சொன்னான்... உருளையை மாத்தாம அப்படியே ஓட விட்டேன். அவனுக்குத் தெரியாது. அவனுக்குக் காது கிடையாது." கண்ணை மூடினார். "யாராவது ஒருத்தர் காது குடுத்துக் கேக்க மாட்டாங்களான்னு..."

காரில் உட்காரச் சொன்னவள் எப்போது இறங்கினாள் என்று தெரியாது. கிடங்கு வாசலில் நின்றாள் சுமி. ஓடி வரவில்லை. வந்தால் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் அடிமேல் அடி வைத்து வந்தாள். அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றார் கொமோரி. "இன்னும் இல்ல, சுமி."

டேப் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது. நான் வெளியே வந்துவிட்டேன். குரோய்வா உடைந்த மீட்டர் முன்னால் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய், அவருடைய இடது பக்கமாகவே நின்று, வாயை மூடிக்கொண்டு அழுதேன்.